இல்லத்தில் அச்சம் நீங்க வேண்டும்
(தோட்டக் குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பொழுது புலருமுன்பே எழுந்து, பெரட்டுக்கு நின்று, உளியும் வாளியுமாகப் பால்மரக் காட்டுக்குள் நுழைந்து உழைக்கின்றவர்கள் நாம். கூலியைப் பற்றியும், வீட்டு வசதியைப் பற்றியும், பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும் நாம் பலமுறை கூடிப் பேசியிருக்கின்றோம். இன்று எடுத்துக்கொண்டிருக்கும் பொருளோ வேலைக்காட்டைச் சார்ந்ததன்று. வேலை முடிந்து நாம் திரும்பிச் செல்கின்ற வீட்டைச் சார்ந்தது. அவ்வீட்டிற்குள் கணவனின் கையாலோ, மகனின் கையாலோ, மாமன் மாமியின் வாயாலோ ஒருவர் துன்புறுத்தப்படுகின்றார் எனில், அதனைக் குடும்ப வன்முறை என்கின்றோம். அது யாது, அதிலிருந்து எவ்வாறு விடுபடுவது, நமக்கு அருகில் துணை நிற்போர் யாவர் என்பவற்றை இன்று தெளிவாக அறிந்துகொள்வோம்.

லயத்து வீடுகளின் அமைப்பு நாம் அறிந்ததே. ஒரு வீட்டிற்கும் அடுத்த வீட்டிற்கும் இடையில் ஒரே சுவர்தான். சம்பள நாளன்று இரவு பாத்திரம் உருளும் ஒலியும், பெண்ணின் அழுகையும், பிள்ளைகளின் கூக்குரலும் அச்சுவரைக் கடந்து வந்துவிடும். கேட்கின்றவர்களுக்கு உறக்கம் வருவதில்லை. ஆயினும் மறுநாள் காலை, கன்னம் வீங்கிய நிலையில் அப்பெண் பெரட்டுக் களத்தில் வந்து நிற்கும்பொழுது, "குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டேன்" என்று அவள் சொல்வதை நாம் கேட்டுக்கொண்டு வாளியைத் தூக்கிக்கொண்டு நடக்கின்றோம். அவள் சொல்வது உண்மையன்று என்பது அவளுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். இந்த மௌனத்தை எவ்வாறு கலைப்பது என்பதே இன்றைய உரையின் நோக்கமாகும்.

வன்முறை என்பது அடி மட்டும் அன்று

அடித்தால்தான் வன்முறை என்று நம்மில் பலர் எண்ணியிருக்கின்றனர். நமது நாட்டின் சட்டம் அவ்வாறு கூறவில்லை. அடித்தல், உதைத்தல், காயப்படுத்துதல் ஆகியவற்றோடு, அடிப்பேன் என்று அஞ்சும்படி மிரட்டுவதும் வன்முறையே. மரம் சீவும் உளியைக் கையில் எடுத்து முகத்துக்கு நேரே நீட்டினால், அது உடம்பில் படாவிடினும் வன்முறையே. வீட்டிற்குள் வைத்துப் பூட்டுவதும், விருப்பமில்லாத செயலைச் செய்யும்படி, உடலுறவு உட்பட, பலவந்தப்படுத்துவதும் வன்முறையே. மனத்தை வருத்தும் நோக்கத்தோடு பொருள்களை உடைப்பதும், துணிமணிகளைக் கிழிப்பதும் வன்முறையே. இடைவிடாமல் இழித்துப் பேசி மனத்தை நோகச் செய்வதும் வன்முறையே. 2012ஆம் ஆண்டில் செய்யப்பட்ட திருத்தத்தின் வழி, மனத்திற்கு இழைக்கப்படும் இத்தகைய கொடுமையும் சட்டத்திற்குள் கொண்டுவரப்பட்டது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம், கைத்தொலைபேசி முதலியவற்றின் வாயிலாகப் பெண்ணின் மானத்திற்கு இழுக்கு உண்டாக்கும் செய்திகளைப் பரப்புவதையும், பொருளை வஞ்சகமாகக் கைப்பற்றித் துன்புறுத்துவதையும் சேர்த்துக்கொண்டது.

இவையேயன்றி, அன்றாட வாழ்வில் வேறு சில அடையாளங்களையும் நாம் காண்கின்றோம். மனைவி மரம் சீவிச் சம்பாதித்த கூலியைக் கணவனே வாங்கிக்கொண்டு, உப்புக்கும் புளிக்கும் அவளைக் கையேந்த வைப்பது. அடையாளக் கார்டையும் வங்கிப் புத்தகத்தையும் எடுத்து ஒளித்து வைப்பது. தாய் வீட்டிற்குச் செல்லவும் அடுத்த வீட்டாரோடு பேசவும் விடாமல் தடுப்பது. இரவில் வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவது. இவற்றில் ஒவ்வொன்றும் தனியே பார்க்கும்பொழுது சிறிதாகத் தோன்றலாம். எல்லாம் சேர்ந்து ஒரு மனிதரை அச்சத்திலேயே வாழச் செய்துவிடுகின்றன.

வன்முறைக்கு ஆளாவோர் மனைவியர் மட்டுமல்லர். மகன் பணம் கேட்டு அடிக்கும் முதிய தாய், இயலாமையுற்ற உறவினர், அடிபடும் பிள்ளை ஆகியோரும் உளர். கணவன்மாரும் சிலவேளைகளில் துன்புறுத்தப்படுகின்றனர். சட்டம் இவர்கள் அனைவரையும் கருத்திற் கொண்டுள்ளது. எனினும் பெரும்பாலும் அடிபடுகின்றவர்கள் பெண்களே. 2014ஆம் ஆண்டில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வின்படி, தீபகற்ப மலேசியாவில் கணவனோடு அல்லது துணைவனோடு வாழ்ந்த பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 9 பேர் இத்தகைய கொடுமைக்கு ஆளாகியிருந்தனர். இது ஓர் இனத்தாருக்கோ, ஒரு தொழிலாளர் பிரிவினருக்கோ உரியதன்று. பங்களா வீடுகளிலும் இது நிகழ்கின்றது. ஆயின் அங்கே சுவர்கள் தடிமனானவை. ஒலி வெளியே வருவதில்லை.

குடிதான் காரணமா?

"பாவம், குடித்துவிட்டால் அவனுக்குத் தன்னிலை தெரியாது" என்று நாம் சமாதானம் கூறுவதுண்டு. இதனைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம். குடித்திருக்கும் அதே மனிதர் மண்டோரிடம் கை நீட்டுவதில்லை. கிராணியாரைத் திட்டுவதில்லை. கடையில் தம்மைவிட வலியவரோடு வம்புக்குப் போவதில்லை. வழியெல்லாம் தன்னிலை அறிந்து நடந்து, வீட்டிற்குள் நுழைந்து கதவைச் சாத்திய பின்னரே அவரது கை ஓங்குகின்றது. யாரை அடிக்கலாம், யாரை அடிக்கக் கூடாது என்பது அவருக்கு நன்கு தெரிந்தே இருக்கின்றது. ஆகவே குடி வன்முறையைக் கடுமையாக்கும் என்பது உண்மை. அதுவே வேர் என்பது உண்மையன்று. "இவள் எனக்குக் கட்டுப்பட்டவள், அடித்தாலும் கேட்பாரில்லை" என்னும் எண்ணமே வேர். குடியாத ஆடவருள்ளும் அடிப்போர் உண்டு. குடிப்போருள்ளும் ஒருநாளும் கை ஓங்காதவர் உண்டு என்பது இதற்குச் சான்றாகும்.

அடித்த மறுநாள் அழுது மன்னிப்புக் கேட்பதும், பூவும் பலகாரமும் வாங்கி வருவதும் உண்டு. சில நாள்கள் அமைதியாகச் செல்லும். பிறகு சிறு சிறு சினம் மூளும். மீண்டும் ஒரு நாள் அடி விழும். இவ்வாறு சுற்றிச் சுற்றி வருவதே பல வீடுகளில் காணப்படும் நிலை. இடையில் வரும் அமைதியை நம்பியே பெண்கள் ஆண்டுக் கணக்கில் பொறுத்துக்கொள்கின்றனர். இச்சுற்று தானே நிற்பது அரிது. நாளடைவில் அமைதி நாள்கள் குறைந்து அடியின் கடுமை மிகுவதையே பல குடும்பங்களில் காண்கின்றோம்.

"இவ்வளவு அடி வாங்கிக்கொண்டு ஏன் இருக்கிறாள்?" என்று கேட்போர் பலர். அவள் நிலையில் நின்று எண்ணிப் பார்ப்போம். வீடு தோட்டத்து வீடு. கணவன் பெயரில் கொடுக்கப்பட்டது. வெளியேறினால் எங்கே தங்குவது? பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்னாவது? தாய் தந்தையர் வேறொரு தோட்டத்தில் சிறு வீட்டில் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்கின்றனர். "கல்லானாலும் கணவன்" என்று சொல்லித் திருப்பி அனுப்புகின்றனர். வெளியேற முயலும்பொழுதே ஆபத்து மிகுதியாகின்றது என்பதும் அவளுக்குத் தெரியும். ஆகையால் அவள் இருப்பதற்குக் காரணம் அடியை விரும்புவதன்று, வழி அடைபட்டிருப்பதே. அந்த வழியைத் திறந்துவிடுவது நம் எல்லார் கையிலும் இருக்கின்றது.

பிள்ளைகளின் நிலையை நாம் மறந்துவிடலாகாது. அடிபடாத பிள்ளையும் அடியைப் பார்த்து வளர்கின்றது. இரவெல்லாம் விழித்திருந்த பிள்ளை வகுப்பில் உறங்கிவிழும், படுக்கையை நனைக்கும், சிறு ஓசைக்கும் நடுங்கும். அடிப்பதே ஆண்மை என்று மகனும், பொறுப்பதே பெண்மை என்று மகளும் கற்றுக்கொள்வார்களாயின், அடுத்த தலைமுறையின் இல்லறமும் இதே துன்பத்தில் சிக்கிக்கொள்ளும்.

தோட்ட மக்கள் வாய் மூடி இருந்தவர்கள் அல்லர்

இது புதிய பேச்சு என்று எண்ண வேண்டுவதில்லை. 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபொழுது, கூலி உயர்வை மட்டும் அவர்கள் கேட்கவில்லை. தோட்டங்களில் பெண்களிடம் முறைகேடாக நடந்துகொள்வது நிறுத்தப்பட வேண்டும் என்றும், கள்ளுக்கடைகள் மூடப்பட வேண்டும் என்றும் கோரிக்கை வைத்தனர். போருக்குப் பின்னர், 1946, 1947ஆம் ஆண்டுகளில் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தனர். பெண்களின் மானமும் வீட்டின் அமைதியும் தொழிலாளர் உரிமையைச் சேர்ந்தவையே என்பதை நம் முன்னோர் அன்றே உணர்ந்திருந்தனர்.

அதன் பின்னர், 1982ஆம் ஆண்டில் அடிபட்ட பெண்களுக்கு அடைக்கலம் தரும் இல்லம் ஒன்றைப் பெண்கள் உதவிக் கழகம் தோற்றுவித்தது. 1985ஆம் ஆண்டு முதல் பல மாதர் அமைப்புகள் ஒன்றிணைந்து, குடும்ப வன்முறைக்கெனத் தனிச் சட்டம் வேண்டும் என்று இயக்கம் நடத்தின. அதன் பயனாக 1994ஆம் ஆண்டில் குடும்ப வன்முறைச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 1996ஆம் ஆண்டு ஜூன் மாதம் 1ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. இந்துவாயினும், முஸ்லிமாயினும், கிறிஸ்துவராயினும் எல்லாக் குடும்பங்களையும் அது காக்கின்றது.

கோயிலில் தாலி கட்டியவர்களுக்கும் பாதுகாப்பு உண்டு

நம்மவர்களுக்கு மிகவும் வேண்டிய ஒரு செய்தியை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகின்றோம். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தாலி கட்டி, பதிவு அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ளாமல் வாழ்ந்து வரும் தம்பதியர் சிலர் நம்மிடையே இருக்கின்றனர். "பதிவு இல்லையே, நான் எப்படிப் புகார் செய்வேன்?" என்று அஞ்சும் பெண்களும் உளர். குடும்ப வன்முறைச் சட்டத்தில் கணவன், மனைவி என்னும் சொற்கள், சமய முறைப்படி அல்லது வழக்க முறைப்படி திருமணச் சடங்கு செய்துகொண்டவர்களையும், அத்திருமணம் பதிவு பெறாவிடினும், உள்ளடக்கும். மணமுறிவு பெற்ற முன்னாள் கணவன் துன்புறுத்தினாலும் இச்சட்டம் துணை நிற்கும். ஆயினும் முறைப்படி பதிவு செய்துகொள்வதே ஜீவனாம்சம், சொத்து, பிள்ளைகளின் உரிமை ஆகிய அனைத்திற்கும் நல்லது என்பதையும் இங்கே நினைவூட்டுகின்றோம்.

மூவகைப் பாதுகாப்பு ஆணைகள்

சட்டம் மூவகைப் பாதுகாப்பு ஆணைகளை வழங்குகின்றது. அவற்றைத் தனித்தனியே காண்போம்.

முதலாவது, அவசரப் பாதுகாப்பு ஆணை. இது 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஏற்பட்டு, 2018ஆம் ஆண்டு ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. இதனை வழங்குபவர் சமூக நல இலாகாவின் அதிகாரி. இதற்குப் போலீஸ் புகார் முதலில் இருக்க வேண்டும் என்பதில்லை. நீதிமன்றம் செல்ல வேண்டுவதும் இல்லை. விண்ணப்பம் செய்த 2 மணி நேரத்திற்குள் ஆணை வழங்கப்பட வேண்டும். அது 7 நாள்களுக்குச் செல்லும். காயம் பட்டவர்களுக்கும், காயம் படுமோ என்று அஞ்சுகின்றவர்களுக்கும் உரியது இது.

இரண்டாவது, இடைக்காலப் பாதுகாப்பு ஆணை. போலீஸ் புகார் செய்யப்பட்டு, விசாரணை நடந்துகொண்டிருக்கும் காலத்தில் மாஜிஸ்திரேட் நீதிமன்றம் இதனை வழங்குகின்றது. விசாரணை முடியும் வரை இது நிற்கும்.

மூன்றாவது, பாதுகாப்பு ஆணை. கொடுமை செய்தவர் மீது நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்ட பின்னர் வழங்கப்படுவது. 12 மாதங்கள் வரை செல்லும். தேவையாயின் மேலும் 12 மாதங்கள் நீட்டிக்கப்படலாம். இதில், பாதிக்கப்பட்டவர் இருக்கும் வீட்டிற்கும், வேலை செய்யும் இடத்திற்கும், பிள்ளைகளின் பள்ளிக்கும் வரக் கூடாது என்றும், 50 மீட்டர் தூரத்திற்குள் நெருங்கக் கூடாது என்றும், தொலைபேசியிலோ கடிதத்திலோ தொடர்பு கொள்ளக் கூடாது என்றும் நீதிமன்றம் கட்டளையிடலாம். வீடு எவர் பெயரில் இருப்பினும், அதில் தங்கும் உரிமையைப் பாதிக்கப்பட்டவருக்கே அளித்து, கொடுமை செய்தவரை வெளியே இருக்கும்படி கூறவும் நீதிமன்றத்திற்கு அதிகாரம் உண்டு.

ஆணையை மீறினால் 2,000 ரிங்கிட் வரை அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். மீறும்பொழுது வன்முறையும் செய்தால் தண்டனை இன்னும் கூடும். ஆணையின் படிவத்தை எப்பொழுதும் உடன் வைத்திருத்தல் வேண்டும்.

பாதுகாப்பு ஆணை கேட்பதும் மணமுறிவு கேட்பதும் ஒன்றல்ல என்பதை நினைவிற் கொள்ளுங்கள். ஆணை பெற்ற பெண் மனைவியாகவே இருக்கின்றாள். அவள் கேட்பது அடி நிற்க வேண்டும் என்பதையே. பின்னர் சேர்ந்து வாழ்வதா, பிரிவதா என்பதை அவள் அச்சமின்றி அமர்ந்து தீர்மானிக்கலாம்.

அந்த இரவில் செய்ய வேண்டுவன

ஆபத்து நேரும்பொழுது என்ன செய்வது என்பதை முன்னரே எண்ணி வைத்திருத்தல் நன்று. சண்டை மூளும் என்று தெரிந்தால் அடுப்படியிலும் உளியும் அரிவாளும் வைத்திருக்கும் இடத்திலும் நிற்க வேண்டாம். வெளியே செல்லும் கதவுக்கு அருகில் இருங்கள். நம்பிக்கையான அண்டை வீட்டாரிடம் முன்கூட்டியே ஓர் அடையாளம் சொல்லி வைக்கலாம். சுவரில் மூன்று முறை தட்டினால் வர வேண்டும், அல்லது போலீசுக்குப் பேச வேண்டும் என்பது போல. சற்று வளர்ந்த பிள்ளைக்கு 999 என்னும் எண்ணையும், தோட்டத்தின் பெயரையும் வீட்டு எண்ணையும் சொல்லப் பழக்கி வையுங்கள். சண்டையை விலக்க நடுவில் பாயக் கூடாது என்றும் அப்பிள்ளைக்குச் சொல்லுங்கள்.

அடையாளக் கார்டு, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள், வங்கிப் புத்தகம், மருந்துகள், சிறிது பணம், ஒரு மாற்றுத் துணி ஆகியவற்றை ஒரு பையிலிட்டு நம்பத்தக்கவர் வீட்டில் வைத்திருப்பது நல்லது. பத்திரங்களை எடுக்க இயலாவிடின் கைத்தொலைபேசியில் படமெடுத்து உறவினருக்கு அனுப்பி வைக்கலாம். ஒன்றும் எடுக்க முடியவில்லையாயின் அதற்காக நின்றுவிட வேண்டாம். பொருளைப் பின்னர் பெறலாம். வீட்டிற்குச் சென்று உடைமைகளை எடுத்துவரப் போலீசார் உடன் வந்து துணை நிற்பது அவர்களின் கடமைகளுள் ஒன்றாகச் சட்டத்திலேயே கூறப்பட்டுள்ளது.

சில அறிகுறிகள் உயிருக்கே ஆபத்தைக் காட்டுவன. கழுத்தை நெரித்தல், ஆயுதத்தைக் காட்டுதல், கொன்றுவிடுவேன் என்று கூறுதல், கருவுற்றிருக்கும்பொழுது அடித்தல் ஆகியவை அவை. இவற்றில் ஒன்று நிகழ்ந்தாலும் "இன்னும் ஒரு முறை பார்ப்போம்" என்று காத்திருத்தல் ஆகாது. கழுத்து நெரிக்கப்பட்டவர் வெளியே காயம் தெரியாவிடினும் உடனே மருத்துவரைக் காண வேண்டும். உள்ளே ஏற்பட்ட பாதிப்புப் பல மணி நேரம் கழித்தும் வெளிப்படலாம்.

துணை நிற்போர் யாவர்?

முதலாவது, அரசாங்க மருத்துவமனை. அங்குள்ள அவசரப் பிரிவில், அடிபட்ட பெண்களுக்கெனத் தனியறையில் சிகிச்சையும் ஆலோசனையும் ஒருங்கே தரும் நெருக்கடி உதவி நிலையம் இருக்கின்றது. இத்தகைய ஏற்பாடு 1990ஆம் ஆண்டுகளில் கோலாலம்பூர் மருத்துவமனையில் தொடங்கி, பின்னர் பிற அரசாங்க மருத்துவமனைகளுக்கும் விரிவாக்கப்பட்டது. காயத்தின் காரணத்தை மருத்துவரிடம் உள்ளபடி கூறுங்கள். "விழுந்துவிட்டேன்" என்று கூறினால் அவ்வாறே எழுதப்படும். பின்னர் வழக்கிற்கு அது உதவாது. தோட்டத்து டிரெசரிடம் முதலில் சென்றாலும் இதே உண்மையைச் சொல்லுங்கள்.

இரண்டாவது, போலீஸ் நிலையம். எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். குடும்ப வன்முறையைச் சார்ந்த குற்றங்களுக்குப் போலீசார் பிடி ஆணையின்றியே கைது செய்ய இயலும். "இது குடும்ப விஷயம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று எவரேனும் கூறினால், "இது 1994ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின்படியான புகார், எழுதிக்கொள்ளுங்கள்" என்று பணிவோடும் உறுதியோடும் கூறுங்கள். மலாய் மொழி சரளமாக வராதவர்கள், மொழி அறிந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லலாம். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லி, சரியாக இருந்தால் மட்டுமே கையொப்பமிட வேண்டும். புகாரின் படிவம் ஒன்றைக் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, மாவட்டச் சமூக நல அலுவலகம். அவசரப் பாதுகாப்பு ஆணையும், தங்குவதற்குப் பாதுகாப்பான இடமும், நீதிமன்ற விண்ணப்பத்திற்கு வழிகாட்டுதலும் இங்கே கிடைக்கும். "தாலியான் காசே" எனப்படும் 15999 என்னும் எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் பேசலாம். மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சு இதனை நடத்தி வருகின்றது. பேச இயலாதபொழுது 019-2615999 என்னும் வாட்சாப் எண்ணுக்குச் செய்தி அனுப்பலாம்.

நான்காவது, மாதர் அமைப்புகள். முன்னர்க் குறிப்பிட்ட பெண்கள் உதவிக் கழகத்தை 03-3000 8858 என்னும் எண்ணில் அழைக்கலாம். பினாங்கில் 1985ஆம் ஆண்டு முதல் பெண்கள் மாற்ற மையமும், ஈப்போவில் பேரா மாதர் சங்கம் ஒன்றும் இத்தகைய உதவிகளைச் செய்து வருகின்றன. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்கள் அரசாங்கச் சட்ட உதவி இலாகாவையும், வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி நிலையத்தையும் நாடலாம். துயரம் மிகுந்து, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் எழுமாயின், 03-7627 2929 என்னும் எண்ணில் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பினர் பொறுமையோடு கேட்பார்கள்.

நாம் என்ன செய்ய வேண்டும்?

சுவருக்கு இப்பால் இருக்கும் நமக்கும் கடமை உண்டு. ஒலி கேட்டால் இருவர் மூவராகச் சேர்ந்து வாசலில் நின்று குரல் கொடுக்கலாம். "ஒரு கட்டி வெல்லம் இருக்கிறதா?" என்று கேட்டுக் கதவைத் தட்டினாலும் போதும், ஓங்கிய கை தாழும். ஆயுதம் இருப்பதாகத் தெரிந்தால் உள்ளே நுழைய வேண்டாம்; 999க்குப் பேசுங்கள். மறுநாள் அப்பெண் தனியே இருக்கும்பொழுது, "உன் மேல் தவறில்லை அம்மா, நீ எந்நேரம் வந்தாலும் எங்கள் கதவு திறந்திருக்கும்" என்று சொல்லுங்கள். "நீ என்ன செய்தாய், ஏன் அடித்தான்?" என்று கேட்க வேண்டாம். அவள் உடனே வெளியேறாவிடினும் சினம் கொள்ளலாகாது. ஒருமுறை திரும்பிச் சென்றவள் மறுமுறையும் நம்மைத் தேடி வரக்கூடும். அப்பொழுதும் கதவு திறந்திருக்க வேண்டும்.

கோயில் தலைவர்களுக்கும், தோட்டத் தொழிற்சங்கக் கிளைப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கணவனையும் மனைவியையும் ஒன்றாக நிறுத்திச் சமாதானம் செய்து அனுப்பும் வழக்கம் நம்மிடையே உண்டு. நல்லெண்ணத்தோடு செய்யப்படினும், வன்முறை உள்ள இடத்தில் அது ஆபத்தானது. கணவனின் முன்னிலையில் அவள் உண்மை பேச இயலாது. பேசினால் அன்றிரவே அதற்கும் சேர்த்து அடி விழும். ஆகவே முதலில் அவளைத் தனியே கேளுங்கள். பாதுகாப்புக்கு வழி செய்யுங்கள். சமூக நல அதிகாரியிடம் அழைத்துச் செல்ல வண்டி ஏற்பாடு செய்யுங்கள். நகரத்திலிருந்து பத்து மைல் உள்ளே இருக்கும் தோட்டத்தில், நள்ளிரவில் ஒரு வண்டி கிடைப்பதே உயிரைக் காக்கும் உதவியாகும். எந்த இரவில் எவருடைய வண்டி வரும் என்பதை இப்பொழுதே பேசி முடிவு செய்து வையுங்கள். மேற்கூறிய எண்களை ஆயாக்கொட்டகையிலும், பால் ஸ்டோரிலும், கோயில் மண்டபத்திலும் எழுதி ஒட்டி வையுங்கள்.

ஆடவர்களிடமும் ஒளிவின்றிப் பேச விரும்புகின்றோம். காட்டில் வெயிலும் மழையும் வருத்துகின்றன, வருமானம் போதவில்லை, மேலிருப்போரின் ஏச்சையும் கேட்க வேண்டியிருக்கின்றது. இவையெல்லாம் உண்மையே. ஆனால் அதே காட்டில், அதே வெயிலில், உம் மனைவியும் நிறை பிடித்து மரம் சீவிவிட்டுத்தான் வீட்டிற்கு வந்து உலை வைக்கின்றாள். அவள் உம் சுமையைப் பகிர்ந்துகொள்ள வந்தவள்; சுமையை இறக்கி வைக்கும் கல் அல்லள். சினம் மீறும்பொழுது வீட்டை விட்டு வெளியேறிச் சிறிது தூரம் நடந்து வாருங்கள். குடியை விட இயலவில்லையாயின் அரசாங்கச் சுகாதார நிலையத்தில் மருத்துவரிடம் கேளுங்கள். கை ஓங்கும் பழக்கம் இருக்குமாயின், போலீஸ் வந்து நிற்கும் நாள் வரை காத்திராமல் இன்றே ஆலோசனை நாடுங்கள். நண்பர் ஒருவர் மனைவியை அடிப்பதைப் பெருமையாகப் பேசினால், சிரித்துவிட்டு இருந்துவிடாமல், "அது தவறு" என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள். ஆடவர் சொன்னால் ஆடவர் கேட்பார்கள்.

அன்பர்களே, சட்டம் எழுதப்பட்டு ஆண்டுகள் பல கடந்துவிட்டன. அது நம் லயத்து வாசல் வரை வந்து சேர வேண்டுமாயின், அதனை அழைத்து வருகின்றவர்கள் நாமாகவே இருத்தல் வேண்டும். இன்று இங்கே கேட்டவற்றை வராதவர்களுக்கும் சொல்லுங்கள். 15999, 999 என்னும் இரண்டு எண்களையேனும் இன்றிரவு பிள்ளைகளோடு சேர்ந்து மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். உழைத்துக் களைத்து வரும் ஒவ்வொருவரும், ஆணாயினும் பெண்ணாயினும், தம் வீட்டுக் கதவை அச்சமின்றித் திறந்து உள்ளே செல்லும் நிலை ஒவ்வொரு தோட்டத்திலும் ஏற்பட வேண்டும். அதற்கு நாம் அனைவரும் ஒன்றுபட்டு உழைப்போமாக.